கிழக்கே பத்துப் பாகை

பழசும் பயனும் – 14

இரண்டரை மீற்றர் அகலமான பழைய டிஷ் ஒன்று சும்மா கிடைக்கிறது, வந்து ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டு வான் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அதைக் கொண்டுவந்து எந்தத் திசைக்குத் திருப்பப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜேர்மனியில் ஊன்ட்றொப்பிலிருந்து பார்த்தால் நமக்குப் பழக்கமான இரண்டு ஐரோப்பியச் செய்மதிகள், 13 பாகை கிழக்கில் ஹொட்பேர்ட்டும் 19.2 பாகை கிழக்கில் அஸ்ராவும், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு 80 சென்ரிமீற்றர் டிஷ் தாராளம். அதற்குப் பெரியதை நாட்டுவது வீண் வேலை. பெரிய டிஷ்ஷுக்கு வேலை இருப்பது கிழக்கே, ஊர்ப் பக்கத்துச் செய்மதிகளிடம். ஆனால் அங்கேதான் பூமியின் வளைவு குறுக்கே நிற்கிறது. சென்னை அலைவரிசைகளைச் சுமந்த இன்ரெல்சாற்-17 இருப்பது 66 பாகை கிழக்கில். நம் முற்றத்திலிருந்து அதன் ஏற்றக் கோணம் பத்துப் பாகை சொச்சம். இன்சாற் செய்மதிகள் பல காலம் குடியிருந்த 83 பாகை, கணக்குப்படி அடிவானத்துக்கு மேலே வெறும் அரைப் பாகை. ஒரு வேலி மறைத்துவிடும். இந்தியாவின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கும் 93.5 பாகையும், ஸ்ரார் ரிவி 1991இல் ஆசியாவைப் பிடித்த 105.5 பாகையும் நமக்கு அடிவானத்துக்குக் கீழே. பத்து மீற்றர் டிஷ் வைத்தாலும் அவை வராது. யாழ்ப்பாணத்தில் சிறு டிஷ்ஷில் பளிச்சென்று வருவது இங்கே ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் இல்லை.

அந்தப் பத்துப் பாகை திறந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மார்ச் முதல் வாரத்தில் காலை எட்டரை மணியளவிலும், ஒக்ரோபர் இரண்டாம் வாரத்தில் காலை ஒன்பது மணியளவிலும், சூரியன் 66 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். டிஷ் நாட்ட நினைத்த இடத்தில் அந்த நேரம் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரையின் நிழல் விழுந்தால் வேறு இடம் தேடுங்கள்.

கிழக்கை நோக்கி டிஷ் திருப்பி இந்தியப் படம் பிடித்த கதை நம்மோடு தொடங்கவில்லை. 1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏ.ரி.எஸ்.-6 செய்மதியைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இந்தியா நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பியது. சைற் என்று அதற்குப் பெயர். கிராமங்களில் நின்றவை கோழிக்கூட்டு வலை அடித்த மூன்று மீற்றர் டிஷ்கள். கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் வந்து பெரிய டிஷ் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். செய்மதித் தொடர்பை 1945இலேயே எழுத்தில் வரைந்த மனிதருக்கு அது பொருத்தமான மரியாதைதான். எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது. ஸ்ரீபன் பேர்க்கில் என்ற பொறியியலாளர், இந்தியக் கிராமங்களுக்கென்று போன அதே ஒளிபரப்பை, வீட்டில் தானே செய்த அன்ரனாவில் பிடித்துவிட்டார். ஏ.ரி.எஸ்.-6 அப்போது 35 பாகை கிழக்கில் நின்றதால் ஐரோப்பாவுக்கும் அது தெரிந்தது. அதேபோல 1976இல் கலிபோர்னியாவில் பேராசிரியர் ரெய்லர் ஹவார்ட் தன் வீட்டு டிஷ்ஷில் எச்.பி.ஓ. என்ற கட்டணத் தொலைக்காட்சியின் படங்களைப் பார்த்துவிட்டு, மனச்சாட்சி உறுத்தி அந்த நிறுவனத்துக்கு நூறு டொலர் காசோலை அனுப்பினார். தனிமனிதரிடம் வியாபாரம் செய்வதில்லை என்று பதில் வந்ததாம்.

கோழிக்கூட்டு வலை எப்படிப் போதுமானது? சைற் வந்தது 860 மெகாஹேர்ட்ஸில். அலைநீளம் 35 சென்ரிமீற்றர். அத்தனை நீளமான அலைக்கு விரலளவு ஓட்டையும் சுவர்தான். பழைய டிஷ்ஷின் தலைவிதியே இந்தக் கணக்கில் இருக்கிறது. ஊர்ப் பக்கத்துச் செய்மதிகளில் நாம் தேடும் சி பட்டை 4 கிகாஹேர்ட்ஸ் அளவில், அலைநீளம் ஏழரை சென்ரிமீற்றர். வீடுகளுக்கு இன்று வரும் கே.யூ. பட்டை 10.7 முதல் 12.75 கிகாஹேர்ட்ஸ், அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர். பரவளைவின் வடிவம் அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்பது நடைமுறை விதி. சி பட்டைக்கு ஐந்து மில்லிமீற்றர் நெளிவு பொறுக்கும். கே.யூ. பட்டைக்கு ஒன்றரை மில்லிமீற்றரே எல்லை. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கேபிள்காரர் மொட்டை மாடியில் விரித்த வலை டிஷ்ஷை இங்கே கொண்டுவந்து ஹொட்பேர்ட்டுக்குத் திருப்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஜேர்மனியில் கிடைக்கும் பழசு வேறு சாதி. 1984இல் தனியார் தொலைக்காட்சி தொடங்கியபோது நிகழ்ச்சிகள் செய்மதியிலிருந்து வீட்டுக்கு நேரே வரவில்லை. கேபிள் நிலையங்கள் பெரிய டிஷ்ஷில் கே.யூ. பட்டையில் பிடித்துக் கம்பி வழியே அனுப்பின. 1988 டிசம்பரில் அஸ்ரா 1ஏ ஏவப்பட்ட பிறகுதான் 60 சென்ரிமீற்றர் டிஷ் பலகணிகளுக்கு வந்தது. அந்த நிலையங்களின் டிஷ்கள் முழுத் தகட்டில், துல்லியமாக வார்த்தவை. கே.யூ. பட்டைக்குப் பொருந்துவது சி பட்டைக்குத் தாராளமாகப் பொருந்தும். கறள் பிடித்திருந்தால் பரவாயில்லை, சுரண்டிப் பூச்சடிக்கலாம். நெளிந்திருந்தால் விட்டுவிடுங்கள். விளிம்புக்கு விளிம்பு இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருந்தால் டிஷ் நேர். இடைவெளி தெரிந்தாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ அது முறுகியிருக்கிறது.

குவியம் எங்கே என்று எழுதிய தாள் முப்பது வருடத்துக்கு முன்பே தொலைந்திருக்கும். கவலை வேண்டாம். அகலத்தை அகலத்தால் பெருக்கி, நடு ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் வரும். அகலம் 240, ஆழம் 40 சென்ரிமீற்றர் என்றால் விடை 90. பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டு படித்த கேத்திரகணிதம் இங்கே காசை மிச்சம் பிடிக்கிறது. அலைகளை வாங்கும் கருவியான எல்.என்.பி.யை அந்தத் தூரத்தில் பூட்ட வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் சாதாரண எல்.என்.பி.யின் வாய், சாய்ந்து நிற்கும் சிறு டிஷ்ஷுக்கென்று செய்தது. ஆழமான பழைய டிஷ்ஷின் முன் வைத்தால் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும். வெளி வட்டம் சும்மா கிடக்கும். பெரிய டிஷ் வைத்தும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சலித்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். நடுக்குவிய டிஷ்ஷுக்கான, வளையங்கள் கொண்ட வாய் தனியாக விற்பனைக்கு இருக்கிறது.

பழைய ரிசீவரை மட்டும் எடுக்காதீர்கள். ஜேர்மன் அலைவரிசைகளின் அனலொக் ஒளிபரப்பு 2012 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது; அந்தப் பெட்டி இனிப் பூச்சாடி வைக்கத்தான். டிஷ்ஷை நகர்த்தும் 36 வோல்ற் மோட்டரையும் இன்றைய ரிசீவர் நேரே இயக்காது. ஒரே செய்மதிக்குத் திருப்பி இறுக்கிவிடுவதே உத்தமம். திருப்பும்போது பொறுமை வேண்டும். 2.4 மீற்றர் டிஷ்ஷுக்கு சி பட்டையில் பார்வை இரண்டு பாகைக்குச் சற்று மேல், கே.யூ. பட்டையில் முக்கால் பாகைதான்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் படம் வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். கேபிள் நிறுவனங்களுக்கென்று ஏற்றிய பல அலைவரிசைகள் பூட்டுப் போட்டவை. அட்டை இல்லாமல் கறுப்புத் திரைதான். பூட்டில்லாதவற்றுக்கும் புதிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது. 2019இல் ஜேர்மனி 3.4 முதல் 3.7 கிகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களை ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிக்கு ஏலம் விட்டது. அதற்கு மேலே 3.8 வரை தொழிற்சாலைகளின் சொந்த வலையமைப்புகளுக்குப் போனது. இது சி பட்டையின் கீழ்ப் பாதி. 36,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் முனகலுக்குப் பக்கத்தில் தெருமுனைக் கோபுரம் கத்தினால் எல்.என்.பி. திக்குமுக்காடிப் போகும். வடிகட்டி சேர்த்த எல்.என்.பி. வாங்குவதைத் தவிர வழியில்லை.

நாட்டுவது நிலத்தில், கொங்கிறீற்றில். கூரையில் வேண்டாம். 2.4 மீற்றர் தகட்டில் மணிக்கு நூறு கிலோமீற்றர் காற்று மோதினால் இருநூறு கிலோவுக்கு மேல் தள்ளும். பத்துப் பாகைக்குத் திருப்பிய டிஷ் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். பனி தங்காது, ஆனால் காற்றை முழு நெஞ்சில் வாங்கும். குழி வெட்டுமுன் நகரசபைக் கட்டட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டுக்காரருக்கும் ஒரு செய்தி. 1994 பெப்ரவரி 9ஆம் திகதி, துருக்கிய வாடகையாளர் ஒருவரின் வழக்கில், சொந்த நாட்டு ஒளிபரப்பைப் பார்க்கும் வெளிநாட்டவரின் விருப்பம் தகவல் சுதந்திரத்தில் அடங்கும், வீட்டு உரிமையாளரின் சொத்துரிமையோடு அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. நம்மவர் பலகணிகளில் டிஷ் நின்றதற்குப் பின்னால் அந்தத் துருக்கியரின் பிடிவாதமும் இருக்கிறது. பின்னர் வந்த வழக்குகளில், அதே நிகழ்ச்சியை வேறு வழியில் பார்க்க முடியுமா என்று நீதிமன்றங்கள் கேட்கத் தொடங்கின. இணையம் இருக்கிறதே என்று உரிமையாளர் சொன்னால் பதில் சொல்வது இப்போது கடினம். அதிலும் இரண்டரை மீற்றர் டிஷ்ஷைப் பலகணியில் மாட்டிவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்டினால் எந்த நீதிபதியும் சிரித்துவிடுவார்.

(அடுத்த வாரம்: வி.எச்.எஸ். நாடாக்களில் மங்கிக்கொண்டிருக்கும் கலியாண வீடுகள்)