பேக்கிங் பவுடருக்கு வயதாகுமா?

முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் அளவாகச் சேர்த்துச் செய்த கேக், பலகைபோல் தட்டையாக வந்துவிட்டது. குற்றவாளி யார்? பல மாதங்களாகத் திறந்து திறந்து மூடிய பேக்கிங் பவுடர் டப்பாவாக இருக்கலாம். அப்பளம் நமத்துப்போனால் கடித்ததுமே தெரிந்துவிடும். இந்தப் பவுடரோ எளிதில் காட்டிக்கொடுக்காது. நிறமும் மாறாது, வாடையும் வராது. அப்படியானால் அதில் கெட்டுப்போனது என்ன?

ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் என்ற தனிப்பொருள். பேக்கிங் பவுடர் ஒரு கலவை. சோடாவுடன் அமிலத் தன்மையுள்ள ஒரு தூளும் அதில் இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் இத்தகைய பொடியைத் தயாரித்தார்.

உலர்ந்திருக்கும்வரை இரண்டு தூள்களும் அருகருகே சும்மா கிடக்கும். நீர் பட்டதும் கரைந்து வினைபுரிந்து கரியமிலவாயுவை வெளிவிடும். மாவை உப்ப வைப்பவை அந்த வாயுக் குமிழிகளே. இந்த வினை மாவில் நடக்காமல் டப்பாவுக்குள்ளேயே நடந்துவிட்டால்? மழைக்காலக் காற்றின் ஈரமும், கழுவித் துடைக்காத கரண்டியும் அதற்குப் போதும். வாயு சிறிது சிறிதாகத் தப்பிவிடும். எஞ்சுவது குமிழி தராத உப்புகள்தாம். இதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் சோள மாவுச்சத்தைக் கலக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தூள்களையும் விலக்கி வைக்கிறது. ஆனால் அதன் தாங்கும் சக்திக்கும் எல்லை உண்டு. திறந்த டப்பா ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பயன்படலாம். கடலோர ஊர்களில் அதற்கு முன்பேகூடச் சோர்ந்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். அரைத் தேக்கரண்டி பவுடரை ஒரு கிண்ணத்தில் இட்டு வெந்நீரை ஊற்றுங்கள். 'புஸ்' என்று நுரைத்துப் பொங்கினால் நல்லது. நாலைந்து குமிழிகளோடு அடங்கினால் கேக்குக்கு உதவாது. பச்சைத் தண்ணீர் ஏன் கூடாது தெரியுமா? பல பவுடர்களில் ஒரு பகுதி அமிலம் சூட்டில்தான் வேலை செய்யும். பச்சைத் தண்ணீரில் நல்ல பவுடரும் மந்தமாகத் தோன்றி உங்களை ஏமாற்றலாம்.

ஆப்பச் சோடாவில் துணைக்கு அமிலம் இல்லை. ஆகவே அது நெடுநாள் தாங்கும். அதைச் சோதிக்க வெந்நீர் போதாது, எலுமிச்சைச் சாறு வேண்டும்.

பவுடரைக் குளிர்பெட்டியில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். அதைவிட, இறுக மூடி, அடுப்புக்கு எட்டத்தில் அலமாரியில் வைப்பதே மேல்.