4 பேர் ஆடும் கேம் பெட்டி! வாசலில் நுழையுமா?

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசையா? பலகை வாங்க ஓடாதீங்க. முதலில் வாசலை அளந்து பாருங்க!

அமெரிக்காவின் அடாரி கேம்ஸ் கம்பெனி 1985-ல் "காண்ட்லெட்" பெட்டியை இறக்கியது. ஒரே திரை முன் 4 பேர் ஆடினார்கள். 1992-ல் ஜப்பானின் கொனாமி கம்பெனி "எக்ஸ்-மென்" ஆட்டத்தில் 6 பேரை நிறுத்தியது. அதற்கு 2 திரை!

ஆள் கூடினால் பெட்டியின் அகலமும் கூடும். அட்டையில் பிடி, பொத்தான்களை வரைந்து மேஜை மேல் வையுங்க. 4 பேரைச் சேர்ந்து நிற்கச் சொல்லுங்க. முழங்கை இடிக்குதா? இன்னும் அகலமாக்குங்க.

அகலம் வாசலை மிஞ்சினால்? பொத்தான் பலகையைத் தனியாகச் செய்யுங்க. வீட்டுக்குள் கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்கலாம்.

இல்லாவிட்டால் ஆட்டம் திண்ணையில்தான்!