புகையும் நெருப்பும் திக்நாகரும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி ஏரிக்கரையில் நின்று பாருங்கள். நீர்ப்பரப்பின்மேல் வெண்மையாக ஏதோ படர்ந்திருக்கும். "அதோ புகை! அங்கே தீ எரிகிறது" என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்கள். அது பனிமூட்டம் ஆயிற்றே! ஆனால் அவரே ஒரு வீட்டுக் கூரைமேல் எழும் புகையைக் காட்டி, உள்ளே அடுப்பு எரிகிறது என்றால் ஒப்புக்கொள்வீர்கள். கண்ணால் காணாத தீயை "உண்டு" என்று எப்படித் துணிகிறோம்? ஒரு காரணம் எப்போது மெய்யைக் காட்டும், எப்போது ஏமாற்றும்?

ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை மிக நுட்பமாக ஆராய்ந்தவர் திக்நாகர் என்னும் பௌத்த அறிஞர். இவர் காஞ்சியை அடுத்த சிம்மவக்த்ரம் என்ற ஊரில் பிறந்தார், வசுபந்து என்ற ஆசிரியரிடம் பயின்றார், நாலந்தாவில் வாதத்தில் வென்று புகழ்பெற்றார் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவருடைய முதன்மை நூலான 'பிரமாண சமுச்சயம்' இன்று நமக்கு முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். மெய்யறிவைப் பெறும் வழிகளுக்கு 'அளவை' என்று பெயர். காட்சி, அனுமானம் என்று இரண்டே அளவைகள் போதும் என்றார் திக்நாகர். பெரியோர் சொல்? அதையும் அனுமானத்துக்குள் அடக்கிவிட்டார். துணிச்சல்காரர்தான்!

காரணம் ஒன்று செல்லுமா என்று பார்க்க அவர் மூன்று சோதனைகளை வைத்தார். முதலாவது, நாம் பேசும் இடத்தில் அக்காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும். ஏரிமேல் இருப்பது பனி. ஆகவே அங்கே புகை என்ற காரணமே இல்லை. இரண்டாவது, தீ உள்ள வேறு இடம் ஒன்றிலாவது புகையைக் கண்டிருக்க வேண்டும். மூன்றாவது, தீ இல்லாத எந்த இடத்திலும் புகை இருக்கக்கூடாது. நாம் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதில்தான்.

காஞ்சிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும். "நாற்றம் வருகிறது, எனவே இது பட்டு" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லலாம். முதல் சோதனையில் தேறிவிட்டது. எந்தப் பட்டை எரித்தாலும் அந்நாற்றம் உண்டு, இரண்டாவதிலும் தேறிவிட்டது. ஆனால் கம்பளி இழையை எரித்துப் பாருங்கள், அதே நாற்றம்! பட்டு, கம்பளி, நம் தலைமுடி மூன்றும் புரதத்தால் ஆனவை. ஆகவே இச்சோதனை பருத்தியையும் ரேயானையும் விலக்கும். அவை செல்லுலோஸ் ஆதலால் காகிதம் எரியும் வாசனை தரும். பட்டை மட்டும் தனியே பிரித்துக் காட்டாது.

திக்நாகர் இதை ஒரு கட்டமாகவே வரைந்துவிட்டார். 'ஹேதுசக்கரம்' என்பது அதன் பெயர். காரணம் ஒத்த இடங்களில் எல்லாவற்றிலும் இருக்கலாம், சிலவற்றில் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் போகலாம். ஒவ்வாத இடங்களிலும் அவ்வாறே மூன்று வகை. மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது அறைகள். இவற்றில் இரண்டே செல்லும். இரண்டு நேர்மாறான முடிவைக் காட்டும். ஐந்து எந்த முடிவையும் தாரா. தணலில் புகை இல்லையே என்று கேட்கிறீர்களா? பாதகமில்லை. தீயுள்ள சில இடங்களில் புகை இல்லாமற் போகலாம். தீயற்ற இடத்தில் இருப்பதுதான் கூடாது.

எல்லா இடங்களையும் யார் போய்ப் பார்ப்பது? நியாயமான கேள்வி. 7-ஆம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி இதற்கு விடை தேடினார். பல தடவை சேர்ந்து கண்டோம் என்பது போதாது. தீயினால்தான் புகை உண்டாகிறது என்பது போன்ற காரண காரியத் தொடர்பு வேண்டும் என்றார்.

இந்தத் தருக்க முறை தமிழிலும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் இவற்றையும், இவற்றின் போலிகளையும் விளக்குகிறார். மெய்க்காரணம் போலத் தோன்றி ஏமாற்றுவதற்கு 'ஏதுப்போலி' என்று பெயர். எத்தனை பொருத்தமான சொல்!

"எங்கள் மருந்தைக் குடித்தவர்களுக்கு ஒரே வாரத்தில் சளி நீங்கியது" என்று ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தே குடிக்காத பலருக்கும் ஒரு வாரத்தில் சளி நீங்கிவிடுகிறதே! ஒன்பது அறைகளை வரைந்து, இதை எந்த அறையில் வைப்பீர்கள் என்று பாருங்கள்.