கைக்கூலியும் குற்றவியற் சட்டமும்

கைக்கூலி கொடுத்தவர் தம் காரியம் கைகூடிற்றா என்று பார்ப்பார். குற்றவியற் சட்டமோ அதனைப் பொருட்படுத்துவதில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பகிரங்க சேவையாளர் ஒருவர் உத்தியோகச் செயலொன்றைச் செய்தற்கோ செய்யாது விடுதற்கோ, தமக்குரிய ஊதியத்துக்குப் புறம்பானதோர் அனுகூலத்தைப் பெறுதலையே குற்றமென வகுத்தது. பெற உடன்படுதலும் பெற முயலுதலுங்கூடக் குற்றமே. அனுகூலம் பணமாகவே இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. அனுமதிப்பத்திரம் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்று, தரும் எண்ணமே இல்லாதிருந்த உத்தியோகத்தரும் இவ்விதிக்குத் தப்பார்.

இத்துணை விரிந்த விதி இருந்தும், குற்றத்தை நிரூபித்தல் எளிதன்று. மறைவில் நிகழ்ந்ததை அறிந்தோர் பெரும்பாலும் இருவரே. ஒருவர் எதிரிக்கூண்டில் நிற்பவர், மற்றவர் கொடுத்தவர். கொடுத்தவரையும் உடந்தையாளரெனக் கொண்டால், அவர் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டனை விதிக்க நீதிபதிகள் தயங்குவர். 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் இம்முடிச்சை அவிழ்த்தது. கொடுத்தவர் தகுதியுள்ள சாட்சி என்றும், அவரை உடந்தையாளராகக் கருதலாகாதென்றும் அது விதித்தது. வருவாய்க்குப் பொருந்தாத சொத்தை உடையவர் அது வந்த வழியைத் தாமே காட்டவேண்டும் என அச்சட்டத்திற் காணப்பட்ட விதி இன்னுங் கடியது. நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுப்பவரதே என்னும் பழைய நெறியினின்று இது விலகிற்று என்பதில் ஐயமில்லை. அச்சட்டத்தின் இடத்தை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பெற்றுள்ளது.

எதிரிமீது இத்துணைக் கண்டிப்புக் காட்டிய அரசு, தன்மீது அதே கண்டிப்பைக் காட்ட மறந்ததும் உண்டு. 1958ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இலஞ்ச வழக்குகளை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தனி நியாயசபைகளுக்கு வழங்கியது. அவற்றின் உறுப்பினரை நீதி அமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். ஆனால், அன்றைய அரசியல் யாப்பின்படி நீதி உத்தியோகத்தரை நியமித்தல் நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கே உரியது. அமைச்சரின் விருப்பால் நீதிபதிகள் அமர்த்தப்படலாகாதென்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம். அதனை மாற்றவேண்டுமாயின், மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மைக்குச் சான்றாகச் சபாநாயகரின் அத்தாட்சி வேண்டும். திருத்தச் சட்டத்துக்கு அவ்வத்தாட்சி இருக்கவில்லை.

இலஞ்ச ஆணையாளர் எதிர் இரணசிங்க என்னும் வழக்கில் இக்குறை வெளிப்பட்டது. நியாயசபை விதித்த தண்டனை செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1964இல் இலண்டன் கோமறைக் கழகமும் அத்தீர்ப்பையே உறுதிப்படுத்தியது. எதிரி இலஞ்சம் பெற்றாரா என்னும் வினாவை அங்கு ஆராயவேண்டிய தேவையே நேரவில்லை.