விருதை உருவாக்கிய பள்ளி நூலகர்கள்

1969-ம் ஆண்டு. அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்துகொண்டிருந்தது. ஜான் கரோல் என்ற பதிப்பாளரின் அரங்கில் மார்ட்டின் லூதர் கிங்கின் சுவரொட்டி ஒன்று இருந்தது. கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சுவரொட்டியைக் கேட்டு இரண்டு கறுப்பினப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் மேபிள் மெக்கிஸிக், மற்றவர் கிளிண்டன் கிரீர். இருவருமே பள்ளி நூலகர்கள்.

பேச்சு சிறுவர் புத்தகங்களின் பக்கம் திரும்பியது. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 1922 முதல் வழங்கப்பட்டுவந்தது. படப் புத்தக ஓவியங்களுக்கான கால்டெகாட் பதக்கம் 1938-ல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட இந்த இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஆதங்கத்துடன் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த கரோல், நீங்களே ஒரு விருதைத் தொடங்கலாமே என்றார்.

இருவரும் அதைக் கேட்டதோடு விட்டுவிடவில்லை. மறு ஆண்டே கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங்கின் பெயரில் முதல் விருதைக் கொடுத்துவிட்டார்கள். கிங்கின் வாழ்க்கை வரலாற்றைச் சிறுவர்களுக்காக எழுதிய லில்லி பேட்டர்சன் அதைப் பெற்றார். அவரும் பால்டிமோர் பள்ளிகளின் நூலகப் பணியில் இருந்தவர்தான். நியூபெரி பதக்கம் வர்ஜீனியா ஹாமில்டன் என்ற கறுப்பின எழுத்தாளருக்குக் கிடைக்க 1975 வரை ஆயிற்று. கொரெட்டா ஸ்காட் கிங் விருதை நூலகச் சங்கம் தன் அதிகாரபூர்வ விருதாக ஏற்றது 1982-ல்தான்.

சிறுவர் புத்தக உலகில் கறுப்பினத்தவர் இல்லாத இந்தக் குறை பள்ளி நூலகர்களின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் புத்தகங்களை ஆராய்ந்து நான்சி லாரிக் 1965-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றில் 6.7 சதவீதப் புத்தகங்களில் மட்டுமே, எழுத்திலோ படத்திலோ, ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருந்தது. என்னைப் போன்ற பிள்ளை வரும் கதை இருக்கிறதா என்று ஒரு சிறுமி வந்து கேட்டால், அலமாரியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியவர் நூலகர்தான்.

புத்தகம் அந்த அலமாரிக்கு வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். பள்ளி நூலகர் பெரும்பாலும் மதிப்புரை இதழ்களையும் விருதுப் பட்டியல்களையும் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார். அவற்றில் இடம்பெறாத புத்தகத்தை வாங்க ஆளில்லை. விற்காத புத்தகத்தைப் பதிப்பாளர் மறு அச்சுப் போடுவதில்லை. அட்டையில் ஒரு விருது முத்திரை ஒட்டப்பட்டால் நூலகங்கள் வாங்கும், புத்தகம் அச்சில் தங்கும். மெக்கிஸிக்கும் கிரீரும் கைவைத்தது சரியாக இந்த இடத்தில். தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும்.

அந்தத் தொழிலுக்குள் நுழைவதே கறுப்பினத்தவருக்கு எளிதாக இருந்ததில்லை. அவர்களுக்கென்று வந்த முதல் நூலகக் கல்விப் பள்ளி 1925-ல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் தொடங்கி, 1939-ல் மூடப்பட்டது. 1936-ல் ரிச்மண்டில் நடந்த நூலகச் சங்க மாநாட்டில் கறுப்பினப் பிரதிநிதிகளைத் தனியாக உட்கார வைத்தார்கள். விருந்து நடந்த கூட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் பள்ளிகள் கழித்துக்கட்டிய பழைய புத்தகங்களே பல கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்தன. யார் யாரோ பெயர் எழுதிய, கிழிந்த பக்கங்களை ஒட்டித் தைத்து, அவற்றைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

இன்றும் கறுப்பின நூலகர்களின் எண்ணிக்கை குறைவு. நூலகச் சங்கத்தின் 2009-10 கணக்குப்படி, பட்டம் பெற்ற நூலகர்கள் ஏறத்தாழ 1,18,000 பேர். அதில் கறுப்பினத்தவர் 6,160 பேர். அவர்களில் ஆண்கள் 563 பேர் மட்டுமே. பள்ளியில் கறுப்பின நூலகர் ஒருவர் இருந்தால், அங்கே அவர் ஒருவராகவே இருப்பது சகஜம். இனம் பற்றிய கேள்வி எதுவானாலும் அவரிடம் வரும். வெள்ளையர் ஒருவர் வாங்கி வைத்தால் அன்றாட வேலையாகத் தெரிகிற புத்தகம், இவர் வாங்கினால் உள்நோக்கமாகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு. இது பெரிய அநீதி.

ஜார்ஜியா மாநிலத்தின் நார்கிராஸில் உயர்நிலைப் பள்ளி நூலகராக இருந்த சிசிலி லூயிஸ் அதற்கெல்லாம் ஒதுங்கவில்லை. 2017-ல் அவர் 'ரீட் வோக்' என்ற வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கினார். குரல் மறுக்கப்பட்டவர்களின் கதைகளைச் சொல்லும் நூல்களைப் பட்டியலிட்டு, படித்து முடிக்கும் மாணவருக்கு டி-ஷர்ட் பரிசு என்றார். பிற பள்ளிகளும் பின்பற்றின. 2020-ல் ஆண்டின் சிறந்த பள்ளி நூலகராக லூயிஸ் தேர்வானார்.

அதே ஆண்டு ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' நியூபெரி பதக்கம், கொரெட்டா ஸ்காட் கிங் விருது இரண்டையும் பெற்றது. மறு ஆண்டு டெக்ஸாஸின் கேட்டி நகரப் பள்ளிகளில் பெற்றோர் சிலரின் புகாரால் அது அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, பரிசீலனைக்குப் பிறகே திரும்ப வைக்கப்பட்டது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் 10,046 புத்தகத் தடைகளைப் பென் அமெரிக்கா அமைப்பு பதிவு செய்திருக்கிறது.

தடைகளுக்குக் கிடைக்கும் கவனம் பணியிட வெட்டுக்குக் கிடைப்பதில்லை. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பகுதிகளில்தான் நூலகர் இல்லாத பள்ளிகள் அதிகம். ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேர நூலகர் வேண்டும் என்று வாஷிங்டனில் முன்னின்று குரல் கொடுத்தவர் கே.சி. பாய்ட் என்ற கறுப்பின நூலகர். பள்ளி வேலையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பணியிடங்களுக்கு நிதி ஒதுக்கும்படி நகர மன்றத்திடம் வாதாடினார். 2022-ல் ஆண்டின் சிறந்த பள்ளி நூலகராகத் தேர்வானவர் அவரே.