யூதப் பள்ளியில் ஒரு வாரம்

மரக்காணத்து உப்பளக் கரையில் விடியற்காலையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி பழகியதாகும். பாத்திகளில் வாரிய வெள்ளுப்பு குவியல் குவியலாய் நிற்கும். பெற்றோர் வரப்பின்மீது உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் புத்தகப் பையுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை எதிர்நோக்கி நிற்பர். வாரிய உப்பு எவ்வூர்க் கலத்தில் சேரும், எச்சமயத்தார் உணவில் கரையும் என்பதை வாரியவர் அறியார். அறிந்த பின்னரே தருவேன் என்று அவர் சொல்வதும் இல்லை. கல்வியும் அத்தகையதாக இருத்தல் கூடும் என்பதற்குக் கொல்கத்தா மாநகரில் ஒரு சான்று உண்டு. அதுவே 1881-ஆம் ஆண்டில் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளி. இன்று அதில் பயிலும் மாணவியருள் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள்!

முஸ்லிம் கல்லூரி மலரில் யூதப் பள்ளியைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். பாலஸ்தீன மக்களின் துயரால் நம் நெஞ்சம் கனத்திருக்கும் காலத்தில் அவ்வினா இயல்பானதே. ஆயினும் ஓர் அரசின் செயல் வேறு. ஒரு சமயத்தாரின் கல்வி மரபு வேறு. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், அவர் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததையும் ஹதீஸ் நூல்கள் உரைக்கின்றன. அறிந்துகொள்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

யூத சமய ஒழுங்கின்படி நடைபெறும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவரின் வாரம் எவ்வாறு அமையும் என்பதை முதலில் காண்போம்.

நாள்களின் பெயர்

தமிழர் நாள்களுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் எனக் கோள்களின் பெயரை இட்டனர். எபிரேய மொழியிலோ நாள்களுக்கு எண்களே பெயர். ஞாயிறு 'முதல் நாள்', திங்கள் 'இரண்டாம் நாள்' என்று எண்ணிக்கொண்டே சென்று, ஏழாம் நாளுக்கு மட்டும் 'ஷபாத்' எனத் தனிப்பெயர் சூட்டினர். அரபு மொழியிலும் ஞாயிறு 'அஹத்', திங்கள் 'இஸ்னைன்' என எண்ணிக்கையாகவே வரும். சனி 'ஸப்த்' எனப்படும். ஷபாத், ஸப்த் ஆகிய இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்களே. ஷாலோம்-ஸலாம், ஸெதாகா-ஸதகா என்பனவும் அவ்வாறே. ஓய்வுநாளை நோக்கி எண்ணிச் செல்வதே யூத மாணவரின் வாரம் எனலாம்.

காலைத் தொழுகையும் கல்வியும்

யூதர்க்கு நாளொன்றுக்கு மூன்று வேளைத் தொழுகை உண்டு. பல பள்ளிகளில் காலைத் தொழுகையோடுதான் பாடவேளை தொடங்கும். 13 வயது நிறைந்த ஆண் பிள்ளை சமயக் கடமைகளுக்கு உரியவனாகிறான். பெண் பிள்ளைக்கு அவ்வயது 12. வேலை நாள்களில் அவ்வாண் பிள்ளை வேத வாசகம் அடங்கிய சிறு தோற்பேழைகளை நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொண்டு தொழுவான்.

திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களிலும் காலைத் தொழுகையில் தவ்ராத் சுருளை விரித்து ஓதுவர். இவை முற்காலத்தில் சந்தை நாள்கள். சிற்றூர் மக்கள் நகரில் கூடும் நாளில் வேதம் அவர் செவியில் விழட்டும் என்று முன்னோர் இவ்வாறு வகுத்தனராம். மக்கள் கூடும் இடத்திற்குக் கல்வி செல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து. திங்களும் வியாழனும் நோன்பு நோற்பதை நபிவழியாகப் போற்றும் நமக்கு இவ்விரு நாள்களின் சிறப்பு புதிதன்று.

ஒரு பகுதி நேரம் சமயக் கல்வி, மறுபகுதி கணக்கும் அறிவியலும் மொழியும் என்று நாள் இரண்டாகப் பகுக்கப்படும். அதனால் பள்ளி நேரம் நீண்டிருக்கும். காலையில் மத்ரஸாவில் ஓதிவிட்டுப் பள்ளிக்கு ஓடும் நம் பிள்ளைகள் அக்களைப்பை நன்கு அறிவர்.

இருவர் கூடிக் கற்றல்

சமயச் சட்ட நூலாகிய தல்மூதைக் கற்கும் முறை, தமிழ் பயில்வோர் கருதத்தக்க ஒன்று. அந்நூலின் பக்கத்தில் மூலம் நடுவே நிற்கும். ஒருபுறம் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்பாரின் உரை. மறுபுறம் அவர்க்குப் பின் வந்தோரின் உரை. மூலமும் உரையும் உரைமறுப்பும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பது, திருக்குறளுக்கும் தொல்காப்பியத்திற்கும் உரை பல கண்ட நமக்கு வியப்பளிக்காது.

மாணவர் இருவர் இருவராய் எதிரெதிரே அமர்ந்து, உரத்த குரலில் வாதிட்டுக் கற்பர். ஒருவன் கூறுவதை மற்றவன் மறுக்க வேண்டும். மறுப்பிற்குச் சான்று காட்ட வேண்டும். ஹில்லேல் மரபினரும் ஷம்மாய் மரபினரும் எத்தனையோ செய்திகளில் மாறுபட்டனர். பெரும்பாலும் ஹில்லேல் மரபே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஏற்கப்படாத கருத்தையும் அழிக்காது எழுதி வைத்தனர். நம் மத்ஹபு இமாம்களின் மாறுபட்ட கருத்துகளையும் நம் ஆலிம்கள் இவ்வாறே பேணிக் காத்துள்ளனர் அன்றோ!

உணவும் உப்பும்

பள்ளி உணவுக்கூடத்தில் பன்றி இறைச்சிக்கு இடமில்லை. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்பதும் இல்லை. முறைப்படி அறுத்த இறைச்சியைக் கழுவி, பருத்த உப்பைத் தூவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைப்பர். குருதியை உப்பு ஈர்த்துவிடும். இரத்தம் உண்ணலாகாது என்னும் விலக்கு அவர்க்கும் நமக்கும் பொதுவே.

ஜெரூசலத்துக் கோவிலில் படைக்கப்பெற்ற காணிக்கை ஒவ்வொன்றிலும் உப்பு சேர வேண்டும் என்பது தவ்ராத்தின் விதி. கி.பி. 70-இல் உரோமர் அக்கோவிலை இடித்த பின்னர், வீட்டு உணவு மேசையே பலிபீடத்திற்கு ஈடாயிற்று. ஆகவே ரொட்டியை உப்பில் தொட்டு உண்ணும் வழக்கம் இன்றளவும் நிலவுகிறது. அழியாத உடன்படிக்கைக்கு அவர்கள் உப்பையே அடையாளமாகக் கொண்டனர்.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை பள்ளி முன்னதாகவே முடியும். கதிரவன் மறைவதற்குமுன் வீட்டில் விளக்கேற்றியாக வேண்டும். நம் பிள்ளைகள் ஜுமுஆவுக்கு விரையும் அதே நாளில், அவர்கள் ஓய்வுநாளுக்கு ஆயத்தமாவர். சனிக்கிழமை தீ மூட்டுதல் இல்லை; எழுதுதல் இல்லை; வாங்கலும் விற்றலும் இல்லை. எழுதுகோலையே தொடலாகாது எனில் தேர்வெழுதுவது எங்ஙனம்? சனியன்று பொதுத்தேர்வு வந்தால், சமயமா சான்றிதழா என்னும் இக்கட்டு அம்மாணவர்க்கு நேரும். தங்களுக்கெனப் பள்ளி வேண்டும் என்று ஒரு சிறுபான்மைச் சமூகம் விழைவதன் காரணம் இங்கே விளங்கும். சனி இரவு மூன்று விண்மீன்கள் தோன்றியதும், கிராம்பு முதலிய நறுமணப் பொருள்களை முகர்ந்து ஓய்வுநாளுக்கு விடைகொடுப்பர். மறுநாள் மீண்டும் 'முதல் நாள்'.

கொல்கத்தாவின் வரலாறு

இனிக் கொல்கத்தாவுக்கு வருவோம். அலெப்போ நகரத்து ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் 1798-இல் அங்குக் குடியேறினார். அவரைத் தொடர்ந்து பாக்தாத் முதலிய ஊர்களின் யூதர் வந்து சேர்ந்தனர். அவர்தம் தாய்மொழி அரபு. அதனை எபிரேய எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வார இதழ்களும் அச்சிட்டனர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் அரபுத்தமிழ் மரபுக்கு இஃதோர் உடன்பிறப்பு எனல் பொருந்தும். உணவு விலக்குகள் ஒத்திருந்தமையால் அவர்தம் இல்லங்களில் முஸ்லிம் சமையற்காரர்களே பெரும்பாலும் பணிபுரிந்தனர்.

கிறித்தவப் பள்ளிகளில் பயிலும் தம் பெண்கள் சமயம் மாறிவிடக்கூடும் என்னும் அச்சமே அவர்கள் தனிப்பள்ளி காண வழிவகுத்தது. ஆக, அப்பள்ளி தன்னைக் காத்துக்கொள்ளவே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நகரில் ஏறத்தாழ 5,000 யூதர் இருந்தனர். 1946-இன் கலவரம், 1947-இன் பிரிவினை, 1948-இல் இஸ்ரேல் தோன்றியமை, வணிகத்தில் நேர்ந்த மாற்றம் ஆகியவற்றால் அவர்கள் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனப் பிரிந்து சென்றனர். இன்று எஞ்சியோர் மிகச் சிலரே. பள்ளியில் யூத மாணவி ஒருவரும் இல்லை.

பள்ளியை மூடியிருக்கலாம், நிலத்தை விற்றிருக்கலாம். அவ்வாறு செய்யாது பிற சமயத்தார்க்குக் கதவைத் திறந்தனர். தாவீதின் விண்மீன் பொறித்த பள்ளியில் இன்று முஸ்லிம் சிறுமியர் பாடம் பயில்கின்றனர். அந்நகரின் யூதத் தொழுகைக் கூடங்களையோ, ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய்ப் பேணிக் காக்கின்றனர். மும்பையிலும் இதே நிலைதான். பெனே இஸ்ராயேல் சமூகத்தார்க்காக ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1875-இல் தொடங்கி, பின்னர் சர் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்ற பள்ளியிலும், பைகுல்லாவின் சர் ஜேக்கப் சசூன் பள்ளியிலும் முஸ்லிம் மாணவரே மிகுதி.

நமக்குரிய வினா

சமூகப் பெரியோர்களிடம் பணிவுடன் இரண்டு செய்திகளைக் கூற விழைகிறேன். ஒன்று, மிகச் சிறிய அச்சமூகம் 1881-லேயே பெண்களுக்கெனப் பள்ளி கண்டது. நம் கடற்கரை ஊர்களிலோ, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! இரண்டு, சிறுபான்மைக் கல்வி நிறுவனம் யாருக்கு உரியது? நம் பிள்ளைகளின் மார்க்கத்தைக் காப்பது அதன் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முதற்கடமையே. முடிந்த கடமை அன்று. ஐப்பசி மழையில் உப்பளத் தொழில் நின்று, கல்லூரிக் கட்டணத்திற்குக் கலங்கி நிற்கும் உழைப்பாளியின் மகன் எச்சமயத்தான் என்று பாராது கைகொடுப்பதும் நம் கடமையே.

நிறுவியவர் ஊரைவிட்டே அகன்ற பின்னும் அப்பள்ளியில் மணி ஒலிக்கிறது. சிறுமியர் வகுப்புக்குள் நுழைகின்றனர். மூஸா நபி (அலை) அவர்களை நாமும் நேசிக்கிறோம். ஆஷூரா நோன்பு அதற்குச் சான்று. அவர் வழிவந்தோர் அமைத்த வகுப்பறையில் நம் பெண்மக்கள் கல்வி பெறுவதை நன்றியோடு நினைவுகூர்வோம். நம் கல்லூரியைப் பற்றியும் பிற சமயத்தார் ஒருவர் நாளை இவ்வாறே நன்றியோடு எழுதும் நிலையை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!