அமைச்சரைத் தேர்வது அதிபர், அமர்த்துவது செனட்

டொனால்டு டிரம்ப் இரண்டாவது முறையாக அதிபர் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்று மாலையே, அவர் வெளியுறவு அமைச்சராகப் பரிந்துரைத்த மார்கோ ரூபியோவுக்கு செனட் சபை ஒப்புதல் தந்துவிட்டது. ஆதரவு 99, எதிர்ப்பு பூஜ்யம். அன்றுவரை செனட்டராக இருந்த ரூபியோ தனக்குத் தானே வாக்களித்துக்கொண்டதும் அந்த 99இல் அடக்கம். நான்கு நாள் கழித்து, பாதுகாப்பு அமைச்சர் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட பீட் ஹெக்செத்துக்கு வாக்குகள் 50–50 என்று சமமாக நின்றன. துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வந்து தன் வாக்கைப் போட்ட பிறகே அவர் கரையேறினார்.

அமெரிக்காவில் அதிபர் விரும்பியவரை அமைச்சராக அறிவிக்கலாம். ஆனால் செனட்டின் ஒப்புதல் இல்லாமல் அந்த நாற்காலியில் முறைப்படி அமர்த்த முடியாது. அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவு இப்படித்தான் சொல்கிறது. 15 துறைகளின் தலைவர்களுக்கும் இது பொருந்தும். சிஐஏ இயக்குநர், ஐநா தூதர் போன்றவர்களுக்கும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அதிபருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க அவர் காதில் பேசும் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரிக்கும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கும் எந்த வாக்கெடுப்பும் கிடையாது.

இந்திய வாசகருக்கு இன்னொன்று புதிதாகத் தோன்றும். இங்கே அமைச்சரானவர் ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆகியே தீர வேண்டும். அங்கே நேர்மாறு: எம்.பி.யாக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. ரூபியோ செனட் பதவியை ராஜினாமா செய்தது அதனால்தான்.

பெயர் அறிவிக்கப்பட்டதும் முதலில் தொடங்குவது காகித வேலை. எஃப்பிஐ பின்னணியைத் துருவும். சொத்து, பங்கு, கடன் எல்லாம் அரசு நெறிமுறை அலுவலகத்துக்குப் போகும். முரண்பாடு வரக்கூடிய பங்குகளை எப்போது விற்பேன், எந்த விவகாரங்களிலிருந்து விலகியிருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து செனட்டர்களின் அறைகளுக்கு ஒவ்வொன்றாக மரியாதை நிமித்தமான நடை. அதற்குப் பிறகுதான் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் விசாரணை. வெளியுறவுக்கு வெளியுறவுக் குழு, பாதுகாப்புக்கு ஆயுதப்படைக் குழு, அட்டர்னி ஜெனரலுக்கு நீதித்துறைக் குழு என்று அந்தந்தத் துறையைக் கவனிக்கும் குழு அதை நடத்தும்.

பரிந்துரைக்கப்பட்டவர் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். எதிரே தரையில் புகைப்படக்காரர்கள். முதுகுக்குப் பின்னால், கேமராவில் விழும்படி, குடும்பத்தினர். ஒவ்வொரு செனட்டருக்கும் சில நிமிடங்கள்தான். அதில் பெரும்பகுதியை அவர்களே பேசித் தீர்த்துவிடுவதும் உண்டு. பதில் சொல்பவரும் பயிற்சி எடுத்தே வந்திருப்பார். ‘ஒப்புதல் கிடைத்தால் அதைக் கவனமாக ஆராய்வேன்’ என்ற ரீதியில் வழுக்கிக்கொண்டு போவதே அங்கே திறமை. உருப்படியான தகவல் பல நேரம் விசாரணைக்குப் பின் எழுத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களில்தான் இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

குழு வாக்கெடுப்பு முடிந்தால் முழுச் சபை. அங்கே தோற்றவர்கள் எத்தனை பேர்? 230 ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றில் வெறும் ஒன்பது பேர்தான். அவர்களில் கேலப் குஷிங் என்பவரை 1843 மார்ச் 3 அன்று ஒரே நாளில் மூன்று முறை நிராகரித்தார்கள். அதிபர் ஜான் டைலர் விடாமல் திருப்பித் திருப்பி அதே பெயரை அனுப்பினார்.

1925இல் நடந்தது இன்னும் சுவையானது. அதிபர் கூலிட்ஜ் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு சார்லஸ் வாரனைப் பரிந்துரைத்திருந்தார். சர்க்கரைத் தொழில் ஏகபோகத்தோடு அவருக்கு இருந்த தொடர்புதான் பிரச்சினை. அன்று பிற்பகல் வாக்கெடுப்பு இருக்காது என்று சொல்லப்பட்டதால், துணை அதிபர் சார்லஸ் டாஸ் வில்லர்ட் ஹோட்டலுக்குப் போய்க் கண்ணயர்ந்தார். பேச வேண்டியவர்களோ பேச்சைக் கைவிட, வாக்கெடுப்பு திடீரென்று நடந்து 40–40 என்று நின்றது. தொலைபேசியில் எழுப்பப்பட்ட டாஸ் டாக்ஸி பிடித்து ஓடிவந்தார். அதற்குள், வாரனை ஆதரித்திருந்த ஒரே ஜனநாயகக் கட்சி செனட்டர் மனம் மாறிவிட்டார். கூலிட்ஜ் அதே பெயரை மறுபடி அனுப்பினார், மறுபடியும் தோல்வி. இத்தனைக்கும் செனட்டில் பெரும்பான்மை அவருடைய குடியரசுக் கட்சிக்கே இருந்தது.

ஒன்பது என்ற எண்ணை வைத்து இந்த ஏற்பாடே வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. தேறமாட்டார் என்று தெரிந்தவர்கள் வாக்கெடுப்பு வரை வருவதில்லை. 1993இல் பில் கிளிண்டன் பரிந்துரைத்த ஸோயி பேர்ட், உரிய ஆவணம் இல்லாத குடியேறிகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்தது வெளிவந்ததும் விலகினார். அட்டர்னி ஜெனரலாக வேண்டியவர், சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்! 2009இல் ஒபாமாவின் தேர்வான டாம் டேஷல் செனட்டையே வழிநடத்திய தலைவர். காரும் ஓட்டுநரும் வைத்திருந்த சலுகைக்கு வரி கட்டாமல் விட்டு, வட்டியோடு சுமார் 1.40 லட்சம் டாலர் பின்னால் கட்டியது தெரிந்ததும் ஒதுங்கினார். 2024 நவம்பரில் மேட் கேட்ஸ் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அறிவிக்கப்பட்ட எட்டே நாளில் விலகினார். அப்போது டிரம்ப் பதவியே ஏற்கவில்லை. சொந்தக் கட்சி செனட்டர்களிடம் வாக்கு தேறாது என்பது நடைவழிப் பேச்சிலேயே தெரிந்துவிட்டிருந்தது.

ஆனால் சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்பதைத் தீர்மானிப்பது ஒழுக்கமா, எண்ணிக்கையா? 1989இல் ஜார்ஜ் புஷ் (தந்தை) பாதுகாப்பு அமைச்சராக ஜான் டவரைப் பரிந்துரைத்தார். 20 ஆண்டுகளுக்கு மேல் செனட்டராக இருந்தவர், ஆயுதப்படைக் குழுவுக்கே தலைமை வகித்தவர். குடிப்பழக்கமும் பெண்கள் தொடர்பும் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களுடனான உறவும் கிளறப்பட்டன. பதவி கிடைத்தால் மதுவைத் தொடமாட்டேன் என்று தொலைக்காட்சியில் உறுதி கொடுத்தார். 47–53 என்று தோற்றார். 36 ஆண்டு கழித்து அதே துறைக்கு வந்த ஹெக்செத் மீதும் குடி பற்றியும் பெண்களை நடத்திய விதம் பற்றியும் புகார்கள் எழுந்தன. அவர் புகார்களை மறுத்தார். பதவி கிடைத்தால் குடிக்கமாட்டேன் என்றும் உறுதி கொடுத்தார். ஜெயித்தார். 1989இல் செனட்டில் எதிர்க்கட்சிக்கு 55 இடங்கள். 2025இல் அதிபர் கட்சிக்கு 53. மிட்ச் மெக்கானல், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி மூவரும் கட்சியை மீறி எதிர்த்தும் கணக்கு 50இல் நின்றது, அவ்வளவுதான்.

இதற்கு வழிவிட்டது 2013ஆம் ஆண்டின் விதி மாற்றம். இறுதி வாக்கெடுப்புக்கு எப்போதுமே சாதாரணப் பெரும்பான்மை போதும்; ஆனால் விவாதத்தை முடித்து அங்கே கொண்டுவர 60 வாக்குகள் வேண்டியிருந்தது. குடியரசுக் கட்சியின் முட்டுக்கட்டையால் வெறுத்துப்போன ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், நியமனங்களுக்கு அதையும் சாதாரணப் பெரும்பான்மையாக்கினார். நான்கே ஆண்டில் அது அவர்கள் கட்சிக்கு எதிராகவே திரும்பியது. 2017இல் கல்வி அமைச்சர் பெட்ஸி டிவோஸுக்கு 50–50. மைக் பென்ஸின் வாக்கால் வெற்றி. துணை அதிபரின் வாக்கால் ஓர் அமைச்சர் உள்ளே வந்தது அதுவே முதல் முறை. இன்று எதிர்க்கட்சியின் தயவு தேவையில்லை. கடிவாளம் உண்மையில் அதிபர் கட்சியிலேயே இருக்கும் மூன்று, நான்கு தயக்கக்காரர்கள் கையில்தான்.

நியமிக்கத்தான் இவ்வளவு பாடு. நீக்குவதற்கு அதிபர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் 56–43 என்று ஒப்புதல் பெற்று வெளியுறவு அமைச்சரான ரெக்ஸ் டில்லர்சன் நீக்கப்பட்டதை, 2018 மார்ச் 13 அன்று டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தார். அவருக்குப் பதிலாக அறிவிக்கப்பட்ட மைக் பாம்பேயோ மறுபடி அதே குழு, அதே விசாரணை எல்லாம் கடந்து, ஏப்ரல் 26 அன்று 57–42 வாக்கில் பொறுப்பேற்றார்.